பூட்டிய வீட்டுத் தையல்காரி

ஐப்பசி, செவ்வாய் இரவு

பாப்பா தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

மலையில் தையல்கூடம் வைத்து, மலையில் குடியிருப்பவர்களை வேலைக்கு வைத்தால் பள்ளிச் சீருடை தைக்கும் அரசு ஆர்டரில் முன்னுரிமை உண்டு. அதற்காகவே கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு மெஷின்களை ஏற்றி, ஒரு வாடகை வீட்டில் பூட்டி வைத்திருந்தோம். வேலை இன்னும் தொடங்கவில்லை.

இன்று ஆய்வு. வழியில் லாரி சாய்ந்து கிடந்ததால் தாமதமாகிவிட்டது. மலைப்பாதையிலேயே அதிகாரி ஜீப்பில் எதிரே வந்தார். என் வீட்டுக்காரர் மட்டும் இறங்கிப் பேசினார். நான் பாப்பாவோடு காருக்குள் இருந்தேன்.

"பாத்துட்டேம்பா. அந்தம்மா தச்சிக்கினு இருந்தாங்க. உங்க பட்டியல்ல மலை ஆளு ஒருத்தர் கொறஞ்சது, அவங்களச் சேத்ததும் சரியாப் போச்சு."

"எந்தம்மா சார்?"

"இன்னாப்பா, உன் ஆள என்னக் கேக்குற? கைக்குழந்தையோட வந்து தண்ணி குடுத்தாங்களே. மறுபடியும் வருவேன், அவங்க அங்கதான் இருக்கணும்."

அந்த வாடகை வீட்டுச் சாவி என் மடியில் இருந்தது.

போய்ப் பார்த்தோம். பூட்டு அப்படியே தொங்கியது. உள்ளே தூசியில் ஒரு காலடிகூட இல்லை. மெஷின்மேல் ஒரு சொம்பு, பாதித் தண்ணீரோடு. எங்கள் சொம்பு இல்லை அது.

இவர் சிரிக்கிறார். "அவருக்கு வேண்டியது கைக்குழந்தையோட ஒரு பொம்பள. நீ பாப்பாவத் தூக்கிக்கினு அங்க போயி இரு. ஆர்டர் நம்மளுது."

நாளைக் காலை பஸ். துணிமணி கட்டியாகிவிட்டது.

நாங்கள் போய் அங்கே உட்கார்ந்தால், அவள் தன் குழந்தையோடு எங்கே போவாள்?