மூணு மணிக்குக் கேட்கிறவள்

மார்ச் 3, செவ்வாய்

கால் கட்டு மாற்றிக்கொண்டு வந்தேன். புண் இன்னும் ஈரமாகவே இருக்கிறது. பெருவிரலுக்கு அடியில், வேலைக்குப் போடுகிற ரப்பர் பூட்ஸ் கடித்த இடம். டாக்டர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார் — சர்க்கரை இறங்கவில்லை என்றால் புண் ஆறாது, ஆறவில்லை என்றால் விரலை எடுக்க வேண்டியதுதான். என்னமோ நகம் வெட்டுகிற மாதிரி.

சாப்பிடுவதை எல்லாம் எழுதி வைக்கச் சொன்னாள் நர்ஸம்மா. "யாருக்கும் காட்ட வேணாம்மா. நீங்க பார்த்தா போதும்." அஞ்சாம் வகுப்போடு எழுத்தை நிறுத்திய கை. பேனா வழுக்குகிறது.

காலையில் ரொட்டி, சர்க்கரை போடாத டீ. மத்தியானம் சோறு கொஞ்சம், காய் நிறைய.

மூணு மணிக்கு — கேக்.

மார்ச் 4, புதன்

மூணு மணிக்கு ஒன்றும் சாப்பிடவில்லை என்று எழுத ஆசைதான். பொய் எழுதவா உட்கார்ந்தேன்?

மார்ச் 6, வெள்ளி

எழுதிவிடுகிறேன்.

பேக்கரியில் ட்ரே கழுவுகிற வேலை எனக்கு. விடிவதற்கு முன்னால் போனால் மத்தியானம்தான் வீடு. வந்ததும் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவேன். மூணு மணிக்கு என் தங்கச்சி எழுப்புவாள். "அக்கா, எந்திரி. என்ன கொண்டாந்த?" கேக்கைச் சதுரமாக்க வெட்டிப் போட்ட ஓரங்களை மாஸ்டர் கவரில் போட்டுக் கொடுப்பார். பாதி சின்னவளுக்கு, பாதி எனக்கு. இரண்டு பேரும் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு ஒரே வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

பிறகு அவளுக்குச் சர்க்கரை வந்தது. கிட்னி போனது. டாக்டர் சொன்னார், நான் நிறுத்தினேன். கவர் கொண்டு வருவதையே விட்டேன். கடைசி வருஷம் முழுக்கக் கேட்டாள். கெஞ்சினாள், ஏசினாள். "நீ அக்காவா, போலீசா?" ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசியாகக் கேட்டதும் அதுதான். கிரீம் வச்ச கேக் ஒரே ஒரு வாய். நாளைக்குப் பார்க்கலாம்டி என்றேன்.

அவள் போய் ஐந்து மாசம் ஆகிறது. இன்னும் மூணு மணிக்கு எழுப்புகிறாள்.

கனவு இல்லை. கட்டில் ஓரம் அமுங்குகிறது. 'அக்கா' என்கிறாள். கண்ணைத் திறந்தால் யாருமில்லை. அவளுக்காக மறுபடியும் கவர் கொண்டு வர ஆரம்பித்தேன். எழுந்து போய்க் கேக்கை இரண்டாகப் பிய்க்கிறேன். என் பாதியை விட்டுவிடுவேன், அதற்குத் தெம்பு இருக்கிறது. அவள் பாதியை எப்படி இல்லை என்பேன்? உயிரோட இருந்தப்ப ஒரு வாய் கொடுக்கலை. இப்ப வாயில்லாம வந்து கேக்குறா. என் வாயாலதானே அவ சாப்பிட முடியும்?

மார்ச் 9, திங்கள்

மாஸ்டரிடம் இனி ஓரம் வேண்டாம் என்றேன். "என்னம்மா, சாமியாரா போகப் போறீங்களா?" என்று சிரித்தார். காலைக் காட்டினேன். சிரிப்பு நின்றுபோனது.

அப்புறம் ஒரு ட்ரேயைக் கழுவும்போது மூலையில் கிரீம் காய்ந்து கிடந்தது. விரல் சுரண்டியதும் தெரியாது, வாய்க்குப் போனதும் தெரியாது. முழங்கை வரைக்கும் சோப்பு. சோப்போடு நக்கியிருக்கிறேன்.

மார்ச் 10, செவ்வாய்

வெறுங்கையோடு வந்து படுத்தேன். எழுப்பினாள். இல்லடி என்றேன். விடவில்லை. டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்தேன். கடைசியில் சர்க்கரை டப்பா. ஸ்பூன்கூட எடுக்கலை. கையாலயே. என் பிடி ஒண்ணு, அவ பிடி ஒண்ணு, மறுபடியும் அவ பிடி.

அழுதுக்கிட்டே தின்னேன். பல்லுல நரநரன்னு.

மார்ச் 12, வியாழன்

புண் ஓரம் கறுத்திருக்கிறது. வாயாடுகிற நர்ஸம்மா இன்றைக்கு மளமளவென்று கட்டைச் சுற்றிவிட்டுப் போய்விட்டாள். விரலை எடுக்கிற தேதியை அடுத்த முறை சொல்வாராம் டாக்டர்.

மார்ச் 15, ஞாயிறு

குட்டி வந்திருந்தாள். சின்னவளின் மகள். பேருக்குத்தான் குட்டி, என்னைவிட ஒரு சாண் உயரம். வேலை வேறு ஊரில்.

டீ போடப் போனவள் காலிச் சர்க்கரை டப்பாவோடு வந்து நின்றாள். "சர்க்கரையே தொடுறதில்லைன்னு போன்ல சொன்னீங்க. எறும்பு லாரி வச்சு அள்ளிட்டுப் போச்சா பெரியம்மா?"

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். கிறுக்கு என்பாள் என்று நினைத்தேன். தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா கேக்காது பெரியம்மா."

"உனக்கென்னடி தெரியும்?"

"தெரியும். நான்தான் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில, நீங்க மருந்து வாங்கக் கீழ போனப்ப. கிரீம் கேக்தான். ரெண்டு வாய் சாப்பிட்டுச்சு. போதும்டி, திகட்டுதுன்னு தள்ளிடுச்சு."

கை ஓங்கிவிட்டேன். அடிப்பாவி! அஞ்சு மாசமா நெஞ்சுல கல்லைத் தூக்கிக்கிட்டுத் திரியறேனே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

"எப்படிச் சொல்லுவேன்? அம்மா சத்தியம் வாங்கிடுச்சு. பெரியம்மாகிட்ட வாயைத் திறக்காத, அவ போலீசு, புடிச்சு உள்ள போட்டுடுவான்னு."

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அவளுக்கும். எந்த இடத்தில் அது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. கிளம்பும்போது என் காலைப் பிடித்துக் கட்டைப் பார்த்தாள். "அம்மாவைப் பறிகொடுத்தாச்சு. உங்களையும் பறிகொடுக்க எனக்குத் தெம்பு இல்லை."

மார்ச் 16, திங்கள்

அவள் சாப்பிட்டுவிட்டாள். திகட்டுகிறது என்றாள். போதும் என்றும் சொல்லிவிட்டாள்.

அப்ப மூணு மணிக்கு என்னை எழுப்புறது யாரு?

மார்ச் 17, செவ்வாய்

கட்டில் அமுங்கியது. 'அக்கா.' நான் எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டே, யாரு நீ என்று கேட்டேன்.

வயிறு இரைந்தது. நாக்கு ஊறியது. என் வயிறு. என் நாக்கு. அவளை முன்னால் நிறுத்தி வைத்து, அவள் பேரைச் சொல்லி, நான்தான் தின்றுகொண்டிருந்தேனா?

வெள்ளரிக்காயை நறுக்கித் தின்றேன். சப்பென்று இருந்தது. வாசல்படியில் போய் உட்கார்ந்து, தெருவில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டே அந்த நேரத்தைத் தள்ளினேன். இரண்டாகப் பிய்க்கவில்லை.

மார்ச் 19, வியாழன்

டாக்டர் தேதி சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்றார். மூணு மணிக்கு — வெள்ளரிக்காய்.

மார்ச் 26, வியாழன்

கூப்பிடுகிறாள். ஆனால் இப்போது பக்கத்து வீட்டிலிருந்து கூப்பிடுகிற மாதிரி.

ஏப்ரல் 2, வியாழன்

புண்ணைச் சுற்றி ரோஸ் நிறத்தில் புதுத் தோல். சர்க்கரை இறங்கியிருக்கிறது. டாக்டர் இன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்தார். "விரல் தப்பிச்சுதும்மா." குட்டிக்குப் போன் போட்டேன். அவள் கத்திய கத்தலில் காது அடைத்துவிட்டது.

எனக்கு ஏன் கத்த வரவில்லை?

ஏப்ரல் 8, புதன்

கட்டில் அமுங்கவில்லை. 'அக்' என்று மட்டும் கேட்டது. காற்றாகக்கூட இருக்கலாம்.

ஏப்ரல் 20, திங்கள்

மாஸ்டர் பேத்திக்குப் பிறந்தநாளாம். கேக் நீட்டினார். வேண்டாம் என்றேன். வார்த்தை சுலபமாக வந்தது. ஆசையே எழவில்லை. கழுவ வேண்டிய ட்ரேக்கள் மட்டும் கண்ணில் பட்டன.

ஏப்ரல் 23, வியாழன்

மத்தியானம் படுத்தேன். கண் விழித்தபோது அறை இருட்டிக் கிடந்தது. தெருவிளக்கு எரிகிறது.

யாரும் எழுப்பலை.

விளக்கைப் போடாமல் கொஞ்ச நேரம் கிடந்தேன். பிறகு சுவரோரமாக நகர்ந்து படுத்தேன், இன்னொரு ஆள் உட்காருகிற அளவுக்கு.

கொடுக்கறதுக்கு ஒண்ணுமில்லடி சின்னவளே. சும்மாவாச்சும் வாயேன்.