சுற்றிப் போகும் பஸ்

பிப்ரவரி 8, ஞாயிறு

வந்து சேர்ந்தாயிற்று. லாட்ஜ் அறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், கை நீட்டினால் தொடலாம். அறையில் இருக்கப் பிடிக்காமல் கீழே இறங்கினேன். ஸ்டேஷன் கவுண்டரில் ஒரு வாரத்துக்கு பாஸ் கொடுக்கிறார்கள். டவுன் பஸ், மெட்ரோ, ஆற்றைக் கடக்கும் படகு எல்லாவற்றுக்கும் செல்லுமாம். பாஸ் கொடுத்த பெண்ணின் கண்ணாடி இடது பக்கம் தாழ்ந்திருந்தது. கண்ணாடிக் கடையில் பிரேம் வளைத்தே காலத்தை ஓட்டியவனுக்கு முதலில் கண்ணாடிதான் தெரியும், முகம் அப்புறம்தான்.

மகளுக்கு ஃபோன் செய்தேன். பள்ளி விட்டால் டியூஷனாம். டியூஷன் விட்டால் அவள் அம்மா காரில் வந்து கூட்டிப் போய்விடுவாளாம். "காலையில ஸ்கூலுக்குப் போறப்ப வேணா பாக்கலாம்பா. தண்ணி டேங்க் ஸ்டாப்புக்கு வந்துடுங்க. பதினாலாம் நம்பர் பஸ்." சரி என்றேன். வேறென்ன சொல்ல? கடையில் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கி வந்தவனுக்கு, தினம் ஒரு பஸ் பயணம்.

கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வருஷ லீவுக்கு என் வீட்டில் வந்து இருப்பாளா? நாங்கள் பிரிந்த இந்த நாலு வருஷத்தில் ஒரு ராத்திரிகூட அவள் அங்கே தங்கியதில்லை. அவள் அம்மா குறுக்கே நிற்கவில்லை, அதையும் எழுதிவிட வேண்டும். "அவ சரின்னா எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்களே கேளுங்க" என்று சொல்லிவிட்டாள். ஃபோனில் கேட்டால் மகள் 'ம்' என்பாள். அது என்ன 'ம்' என்று நான் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் நேரில் வந்தேன்.

பிப்ரவரி 9, திங்கள்

என் காது உயரம் வந்துவிட்டாள். "ஜன்னல் பக்கம் நீங்க உக்காருங்க. ஊர் பாக்க வந்திருக்கீங்க" என்றாள். உட்கார்ந்தேன். அவள் காதில் இயர்ஃபோன் ஏறிவிட்டது. ஜன்னலைக் காட்டி வாயை அடைத்துவிட்டாள் என்று தோன்றியது.

பதினாலாம் நம்பர் ஊரில் ஒரு தெருவையும் விடுவதில்லை. மார்க்கெட்டில் நின்று, கோர்ட்டைச் சுற்றி, ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஒரு முறை போய்த் திரும்பி, பாலத்தில் ஏறியது. "இங்க எப்பவும் நிக்கும்" என்றாள். நின்றது. முக்கால் மணி நேரத்தில் அவளாகச் சொன்னது அது ஒன்றுதான்.

கண்ணாடி அவளுக்கு மூக்கில் நிற்கவே மாட்டேன் என்கிறது. விரலால் தள்ளித் தள்ளி விட்டுக்கொள்கிறாள். "குடும்மா, ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணித் தர்றேன்" என்றேன். "வேணாம்பா, பழகிடுச்சு." சுருக்கென்றது. ஊரார் கண்ணாடியெல்லாம் சரி செய்கிறேன், அவள் கண்ணாடியை எவனோ அளவு பார்த்து மாட்டியிருக்கிறான். பள்ளியின் பின்பக்கக் கேட்டில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் போனாள். லீவு விஷயத்தைக் கேட்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு முழுப் பகல் கையில் இருந்தது. கண்ணில் பட்ட பஸ்ஸில் ஏறினேன். கடைசி ஸ்டாப்பில் டிரைவர் திரும்பிப் பார்த்து, "சார், இதோட முடிஞ்சுது, இறங்குங்க" என்றார். திரும்பப் போகணும் என்றேன். "அப்ப எதுக்கு வந்தீங்க?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அதே பஸ்ஸிலேயே திரும்பினேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

இன்று தூங்கிவிட்டாள். தலை முன்சீட்டுக் கம்பியில் இடிக்கப் போகும்போதெல்லாம் நடுவில் என் கையை வைத்தேன். புறங்கை வலிக்கிறது. தூங்குகிற பிள்ளையிடம் என்ன கேட்பது?

பகலில் படகு. எல்லாரும் யாருடனோ வந்திருந்தார்கள். ஒரு ஜோடி ஃபோட்டோ எடுத்துத் தரச் சொன்னார்கள். அந்தப் பையன் கிட்டப்பார்வைக்காரன், கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு எங்கோ பார்த்துச் சிரித்தான். எடுத்துக் கொடுத்தேன். இன்றைக்கு நான் யாரிடமாவது நீளமாகப் பேசினேன் என்றால் அவர்களிடம்தான்.

பிப்ரவரி 11, புதன்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலையில் வழக்கம்போல. மார்க்கெட், கோர்ட், பாலம். இரண்டு தடவை கேட்க வாயெடுத்தேன், இரண்டு தடவையும் கண்டக்டர் விசில் அடித்தார். அவர் மேல் பழி போடுகிறேன், தைரியம் எனக்கில்லை.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. நனையாமல் இருக்க மெட்ரோவுக்குள் இறங்கி, எந்தப் பக்கம் என்றுகூடப் பார்க்காமல் ஏறி, மழை விட்டிருக்கும் என்று நினைத்து ஒரு ஸ்டேஷனில் வெளியே வந்தேன். எதிரே அவள் பள்ளிக்கூடம். முன்பக்கக் கேட். ரோட்டைக் கடந்தால் போதும். செக்யூரிட்டியிடம், தண்ணி டேங்க் பக்கம் ஸ்டேஷன் இருக்கிறதா என்று கேட்டேன். "இதே லைன்தான் சார். பத்து நிமிஷம்."

நம்பாமல் ஏறிப் போய்ப் பார்த்தேன். பத்து நிமிஷம்கூட இல்லை. நான் தினம் காத்து நிற்கிற ஸ்டாப்புக்குப் பின் சந்தில் ஸ்டேஷன் வாசல்.

இவ்வளவு பக்கத்தில் மெட்ரோவை வைத்துக்கொண்டு எதற்கு அந்த ஊர் சுற்றி பஸ்? அவள் அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். ஒன்றும் தெரியாதவன் மாதிரி, இவள் தினம் எப்படிப் போகிறாள் என்று கேட்டேன். "மெட்ரோதான். ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர் சேர்ந்து போவாங்க. இந்த வாரம் ஏதோ டெஸ்ட்டுன்னு சீக்கிரமாக் கிளம்புறா. ஏன், நீங்களும் அவகூட மெட்ரோலதானே போறீங்க?" ஆமாம் என்று சொல்லி வைத்தேன். காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை.

டெஸ்ட்டும் இல்லை, கிஸ்ட்டும் இல்லை. நான் வந்திருப்பது அந்த நாலு பேருக்குத் தெரியக் கூடாது. அவ்வளவுதானே? பின்பக்கக் கேட்டில் இறங்கினதும் அதற்குத்தானே? நான் என்ன அவ்வளவு மோசமாவா இருக்கேன்? சட்டை நேத்து போட்டதுதான், அதனாலயா? வெளியூர்லேருந்து வந்த அப்பனைச் சந்து பொந்தெல்லாம் சுத்திக் கூட்டிட்டுப் போய், யார் கண்ணுலயும் படாம அனுப்பி வைக்கிறா. இதுல லீவுக்கு வான்னு வேற கேக்கணுமாம்.

கேட்கப் போவதில்லை. வெள்ளிக்கிழமை மதியம் டிக்கெட் இருக்கிறது, போய்ச் சேரலாம்.

பிப்ரவரி 12, வியாழன்

படகுத்துறை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். அவள் வந்ததும், "இன்னைக்கு மெட்ரோல போலாமே" என்றேன். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திருடனைப் பிடிக்கப் போகிற போலீஸ்காரன் தோற்றான்.

"ஏன்பா?"

"சும்மாதான். ஊர் பாக்கலாம்னு."

"மெட்ரோல என்ன ஊர் தெரியும்? சுரங்கம்தான் தெரியும்."

"பரவால்ல."

எனக்கு முன்னால் சந்துக்குள் நடந்தாள். வண்டியில் நிற்கத்தான் இடம். கதவு மூடுகிற நேரத்தில் அதே யூனிஃபார்மில் நாலு பெண்கள், இன்றைக்குக் காலையிலேயே டான்ஸ் பிராக்டிஸாம், இடித்துக்கொண்டு ஏறினார்கள். இப்போது தலையைக் குனிவாள் என்று காத்திருந்தேன். அவளானால் கையைத் தூக்கி அவர்களைக் கூப்பிட்டாள். "எங்கப்பா" என்றாள். "சொன்னேன்ல, கண்ணாடிக் கடை."

அதில் ஒரு துடுக்குக்காரி, "அங்கிள், நீங்கதானா? உங்களாலதான் இவ இந்த வாரம் எங்களை அம்போன்னு விட்டுட்டா. எங்கப்பா வர்றாரு, நான் பஸ்லதான் வருவேன்னு போன வாரமே சொல்லிட்டா" என்றாள். இன்னொருத்தி தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டி, இது நல்ல பிரேமா என்று கேட்டாள். நல்ல பிரேம்தான் என்றேன். வாங்கித் தடவிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. அதற்குள் பள்ளி ஸ்டேஷன் வந்துவிட்டது.

தோழிகள் முன்னால் போய்விட்டார்கள். மகள் பிளாட்பாரத்திலேயே நின்றாள்.

"பாத்தீங்களா, அதுக்குள்ள வந்தாச்சு. பஸ்ல இருந்திருந்தா இப்பதான் மார்க்கெட்டே வந்திருக்கும்."

"மெட்ரோ பிடிச்சிருந்ததா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். "எனக்கும்தான்" என்று சொல்லிவிட்டு எஸ்கலேட்டரில் ஏறினாள்.

பஸ்ஸில் போயிருந்தால் இன்னும் அரைமணி நேரம் கூடுதலாக அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். பேசியிருக்கமாட்டாள்தான். இயர்ஃபோன் மாட்டியிருப்பாள், தூங்கியிருப்பாள், இருக்கட்டுமே. பேச வராத பிள்ளை, பக்கத்தில் உட்காரத்தானே வீட்டிலிருந்து சீக்கிரம் கிளம்பியிருக்கிறாள். எனக்கு மட்டும் பேச வந்துவிட்டதா என்ன? அந்த அரைமணி நேரத்தை நானே என் புத்தியால் தொலைத்தேன். செருப்பால் அடித்துக்கொண்டாலும் திரும்ப வராது.

முன்னால் இரண்டு படகு போய்விட்டது. ஏறத் தோன்றவில்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

ஊருக்குப் போகிற பஸ் புறப்பட இன்னும் நேரம் இருக்கிறது. பெட்டி காலடியில்.

இன்று ஸ்டாப்புக்கு அவளுக்கு முன்னாலேயே போய் நின்றேன். அவள் வந்ததும், யோசிக்க இடம் கொடுக்காமல் கேட்டுவிட்டேன். நெட்டுருப் போட்டது மாதிரிதான் வந்தது. "லீவுக்கு நம்ம வீட்டுக்கு வந்து இரும்மா. பெரிய வீடு இல்ல. உனக்குன்னு தனி ரூமும் கிடையாது, நான் ஹால்ல படுத்துப்பேன். கடைல எனக்கு லீவு கிடைக்காது, பகல்ல நீ தனியாதான் இருக்கணும். ஆனா சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் வந்துடுவேன்." கூப்பிடுகிற லட்சணமா இது? வராதே என்பதற்கான காரணத்தையெல்லாம் நானே அடுக்கிக் கொடுத்துவிட்டேன்.

கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டாள். ரோட்டையே பார்த்தாள்.

"பத்து நாள் வர்றேன்" என்றாள். "அதுக்கு மேல எனக்கு போரடிக்கும். உங்களுக்கும்."

எனக்குப் போரடிக்காது என்று சொல்ல வாயைத் திறந்தபோது பதினாலாம் நம்பர் வந்து நின்றது. கதவு திறந்தது. உள்ளே கண்டக்டரும், கடைசி சீட்டில் ஒரு கிழவரும் மட்டும்தான். கண்டக்டர் எங்களைப் பார்த்து, "வர்றீங்களா?" என்றார். நான் படியில் கால் வைக்கப் போனேன். மகள் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தாள்.

"ரொம்பக் கூட்டமா இருக்குப்பா. அடுத்ததுல போலாம்."

உள்ளே எட்டிப் பார்த்தேன். "ஆமா, நிக்கக்கூட இடமில்ல" என்றேன்.