மழைச் சத்தத்தில் சொன்னது

மாரிகுப்பம், தங்கவயல்
1936 ஆகஸ்ட் 12

சேசு மரி சூசை துணை.

சிரில் அவர்களுக்குப் பிரிஜெட் எழுதுவது. அண்ணன் வீட்டில் சௌக்கியமாக இருக்கிறேன். ஓஸ்வால்ட் அண்ணன் உங்களைப் பற்றி விசாரித்தார். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

"வந்துவிடு, வந்துவிடு" என்று காயிதத்துக்கு மேல் காயிதம் போடுகிறீர்கள். எதற்கு வரவேண்டும் என்று ஒன்றிலும் இல்லை. அன்று சாயங்காலம் மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. நீங்கள் டூட்டிக்குக் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் அடுப்படியிலிருந்து, "வயிறு இழுத்துப் பிடிக்குதுங்க, மருத்துவச்சியைக் கூட்டிட்டு வாங்க" என்றேன். "சரி சரி" என்றீர்கள். குடையை எடுத்துக்கொண்டு நேரே தந்தி ஆபீஸுக்குப் போய்விட்டீர்கள். மருத்துவச்சியோடு திரும்பி வருவீர்கள் என்று வாசலைப் பார்த்தபடியே கிடந்தேன். பக்கத்து வீட்டு மௌரீன் அக்கா எட்டிப் பார்த்தபோது ஐந்து மாதப் பிள்ளை போய்விட்டது.

காது கேட்கவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஈஸ்டர் சமயத்தில் ஆபீஸ் டாக்டர் கொடுத்த சர்டிபிகேட்டை நீங்களேதான் கொண்டுவந்து காட்டினீர்கள். "ரெண்டு காதும் சுத்தமாம்!" என்று சிரித்தீர்கள். கேட்டுவிட்டும் போனவரோடு எனக்கு என்ன பேச்சு?

பிரிஜெட்


ஒக்கலிபுரம், பெங்களூர்
1936 ஆகஸ்ட் 17

என் பிரியமுள்ள பிரிஜெட்டுக்கு,

ஆண்டவர் உன் உடம்புக்குத் தெம்பு கொடுக்கட்டும். கஷாயத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டாவது குடி.

சர்டிபிகேட் பொய்யில்லை. டாக்டர் கவை மாதிரி ஓர் இரும்பைத் தட்டிக் காதோரம் பிடித்தார்; ரீங்காரம் கேட்டது. முதுகைக் காட்டி நிற்கச் சொல்லி எண்களைச் சொன்னார், திருப்பிச் சொன்னேன். ஆபீஸில் தந்தி மெஷின் பின்னால் ஒரு புகையிலை டப்பாவைச் செருகி வைத்திருக்கிறேன். அங்கே எல்லாரும் அப்படித்தான், ஒவ்வோர் எழுத்துக்கும் மெஷின் போடுகிற தட்டலை டப்பா பெரிசாக்கிக் காட்டும். அதில் இதுவரை ஓர் எழுத்தைக்கூட நான் விட்டதில்லை.

ஆனால் மனுஷர் பேசினால் சத்தம் கேட்கிறது, என்ன பேச்சு என்று விளங்குவதில்லை. இரண்டு வருஷமாக இப்படித்தான். இதை யாரிடம் போய்ச் சொல்வது? வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். அடுத்த மாதம் என்னைப் போனில் தந்தி எடுக்கிற மேஜையில் உட்காரவைக்கப் போகிறார்களாம். அங்கே ஆட்கள் போனில் பேசுவதைக் கேட்டுத்தான் எழுத வேண்டும். இதை உன்னிடமும் மறைத்தேன். நம்பு பிரிஜெட்.

உன் சிரில்


மாரிகுப்பம்
1936 ஆகஸ்ட் 20

சிரில் அவர்களுக்கு,

நன்றாயிருக்கிறது கதை! சத்தம் கேட்குமாம், பேச்சு மட்டும் கேட்காதாம். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவளுக்கு மதி எங்கே போச்சு? ஞாயிற்றுக்கிழமை பூசையில் லத்தீன் பாட்டை ஒரு சுரம் பிசகாமல் பாடுகிற காது, பெண்டாட்டி கூப்பிட்டால் மட்டும் அடைத்துக்கொள்ளுமா?

செய்ததைவிட இந்தச் சாக்குதான் எனக்கு எரிகிறது. இனி எழுதாதீர்கள். எழுதினாலும் பிரிக்க மாட்டேன்.

பிரிஜெட்


மாரிகுப்பம்
1936 செப்டம்பர் 14

சிரில் அவர்களுக்கு,

நானாகத்தான் எழுதுகிறேன். சமாதானம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அண்ணன் வீட்டுக்கு அடுத்த லைனில் நோரா என்று ஒருத்தி. அவள் புருஷனுக்குத் தங்கக்கல் இடிக்கிற மில்லில் வேலை. அந்த மில் போடுகிற சத்தம் இங்கே சட்டிபானையை எல்லாம் அதிரவைக்கிறது. நோரா புருஷனிடம் ஒன்று சொல்ல வேண்டுமென்றால், கரண்டியை வைத்துவிட்டு எழுந்துபோய் அவர் கையைத் தொடுகிறாள். வெளிச்சத்துப் பக்கம் திரும்பி நின்று, அதற்கப்புறம்தான் வாயைத் திறக்கிறாள். அவள் மட்டுமில்லை, மில்லில் வேலை செய்கிறவர்கள் வீட்டுப் பெண்கள் எல்லாருமே அப்படித்தான். முதலில் நான் சிரித்தேன். "இதென்னடி புதுமாப்பிள்ளைக் கொஞ்சல்?" என்று கிண்டல் பண்ணினேன்.

"கொஞ்சலா? நீ வேற அக்கா! சங்கு ஊதினா எனக்கு முன்னாடி அவருக்குக் கேட்கும். டாக்டர் தட்டுற இரும்பும் கேட்கும், பாஸ் பண்ணி அனுப்பிடுவாரு. பேச்சுதான் பாதி விழுது பாதி விழலேங்கிறாரு. பின்னாடி நின்னு கத்தினா கத்துறது தெரியும், என்னன்னு தெரியாது" என்றாள்.

அன்று ராத்திரி உங்கள் பழைய காயிதத்தை எடுத்துத் திரும்பவும் படித்தேன். இருந்தாலும் நோராவின் புருஷனை வைத்து உங்களை நம்பிவிட முடியாது. மௌரீன் அக்காவிடம் போங்கள். அக்கா விசிறியால் வாயை மறைத்துக்கொண்டு முதலில் எண்களைச் சொல்லட்டும். பிறகு பேப்பரில் நீங்கள் படிக்காத பக்கத்திலிருந்து வாசிக்கட்டும். நடந்ததை எழுதி, அக்காவின் கையெழுத்தையும் வாங்கி அனுப்புங்கள்.

பிரிஜெட்


ஒக்கலிபுரம்
1936 செப்டம்பர் 19

என் பிரியமுள்ள பிரிஜெட்டுக்கு,

நீ சொன்னபடியே செய்தோம். எண்கள் எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டேன். மௌரீன் அக்கா, "என்னப்பா சிரில், நல்லாத்தானே கேக்குது!" என்று முறைத்தார். பிறகு பேப்பரை எடுத்து வாசித்தார். குரல் கணீரென்று காதில் விழுந்தது. ஆனால் ஒரு வரியைக்கூடத் திருப்பிச் சொல்ல முடியவில்லை. விசிறியை இறக்கி முகத்தைக் காட்டி வாசித்ததும் பாதிக்குமேல் பிடித்துக்கொண்டேன். அக்கா பேப்பரைக் கீழே போட்டுவிட்டு அழுதுவிட்டார்.

இப்போதுதான் எனக்கே விளங்குகிறது. வரப்போவது எண்தான் என்று தெரிந்தால், அரைகுறையாக விழுந்தாலும் மீதியை ஊகித்துவிடுகிறேன். லத்தீன் பாட்டு சின்ன வயசிலிருந்தே மனப்பாடம். டாக்டர் சோதித்தது காதில் சத்தம் விழுகிறதா என்று மட்டும்தான். பேச்சு விளங்குகிறதா என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்றைய மழையில் உன் குரல் எனக்குக் கேட்டது பிரிஜெட். ஏறி இறங்கியது, எதையோ கேட்கிற மாதிரி. கடையில் ஏதோ வாங்கிவரச் சொல்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு எட்டு வைத்து அடுப்படிக்கு வந்து, என்ன என்று கேட்டிருக்கலாம். ஊரெல்லாம் "சரி" சொல்லியே பிழைத்தவன், உன்னிடமும் அதையே சொன்னேன்.

போன் மேஜை என்னால் ஆகாது, காரணம் இன்னது என்று ஆபீஸரிடம் சொல்லிவிட்டேன். வேலையில் வைப்பதும் அனுப்புவதும் இனி அவர் பாடு.

உன் சிரில்

மேலே கண்டது உண்மை. இவனை வந்து பாரும்மா. மௌரீன்.


மாரிகுப்பம்
1936 செப்டம்பர் 24

என் பிரியமுள்ளவருக்கு,

உங்கள் காயிதத்தைப் படித்து அழுதேன். உங்கள் காதின் மேல் எனக்கு இனிக் கோபமில்லை. அந்தச் "சரி"யின் மேல் இருக்கிறது. அது இன்னும் கொஞ்ச காலம் இருக்கும். நீங்கள் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

சனிக்கிழமை வண்டியில் வருகிறேன். பெட்டி கனம், ஸ்டேஷனுக்கு வாருங்கள். ஆனால் அங்கே ஒன்றும் பேச வேண்டாம், இன்ஜின் சத்தம் இருக்கும். நேரே வீட்டுக்குப் போய் ஜன்னலோரம் உட்காருவோம்.

பிள்ளைக்கு நான் மனசுக்குள்ளேயே ஒரு பேர் வைத்திருந்தேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, இதிலும் எழுத மாட்டேன். உங்கள் கையைத் தொட்டு, முகத்தைப் பார்த்துச் சொல்வேன். விளங்கவில்லை என்றால் தலையாட்டாதீர்கள். விளங்கவில்லை என்று சொல்லுங்கள். நான் திரும்பவும் சொல்கிறேன்.

உங்கள் பிரிஜெட்