ஒட்டிப்போன வாசல்

பிப்ரவரி 9

ஆமை அவர்களுக்கு,

இங்கே நான் நலம். நீங்களும் வாலுவும் மாமாவும் நலம்தானே? இந்தப் பொம்மைப் பட்டறை வளாகத்துக்குள் கைப்பேசி கூடாது. புதுப் பொம்மையை எங்களில் யாராவது படம் பிடித்து விற்றுவிடுவோம் என்று பயம். விடுதியில் இருப்பது ஒரே ஒரு போன். அதில் உங்களோடு இரண்டு வார்த்தை பேசுவதற்குள் உங்கள் மகள் பிடுங்கிக்கொள்கிறாள். அவளிடமிருந்து நீங்கள் திரும்ப வாங்குவதற்குள் எனக்குப் பின்னால் நிற்பவள் தொண்டையைச் செருமுகிறாள். அதனால்தான் எழுதுகிறேன். நீங்களும் எழுத வேண்டும். 'நலம், மற்றவை நேரில்' என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் தெரியும் சேதி.

இத்துடன் வரும் பொட்டலம் வாலுவுக்கு. தடித்த புத்தகம் அளவில் ஒரு மரப்பெட்டி. நாலு பக்கமும் மூடியிருக்கும், உள்ளே ஒன்றும் தெரியாது. ஆனால் உள்ளே சந்து சந்தாக வழிகள் உண்டு. ஒரு சந்துக்குத் தகரத் தரை, ஒன்றுக்கு மரம், ஒன்றுக்குக் கம்பளித் துணி. சின்ன இரும்புக் குண்டு ஒன்று ஓடும். பெட்டியைச் சாய்த்துச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டே குண்டு எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கேட்டதைத் தாளில் வரைபடமாகப் போட வேண்டும். சரியான வழியில் கொண்டுபோனால் ஒரு மூலையில் சின்னக் கதவு விழுந்து, குண்டு கைக்கு வந்துவிடும். காதால் பார்க்கிற பெட்டி! ஒன்றரை வருஷமாக இங்கே அடைந்து கிடந்ததில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் இதுதான்.

மாதிரிக்கு நாலு பெட்டிதான் செய்தோம். மேலாளர் அவசரப்படுத்தியதில் ஒரே நாளில் நானே ஒட்டி முடித்தேன். அவருக்கு ஸ்டாப்வாட்ச் என்று பெயர் வைத்திருக்கிறோம். எந்தக் குழந்தை எந்தப் பொம்மையோடு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கையில் கடிகாரத்தோடு நிற்பார். ஊழியர்களின் குழந்தைகளும் ஆடிப் பார்க்கட்டும் என்று ஒன்றை வீட்டுக்கு அனுப்ப அவரே சம்மதித்தார். அதிசயம்தான்.

ஒரே ஒரு வேண்டுகோள். அவளுக்குச் சொல்லித் தராதீர்கள். கூடமாட உதவி செய்கிறேன் என்று நீங்கள் ஆரம்பித்தால் முழுசையும் நீங்களே ஆடிவிடுவீர்கள்.

விடுமுறைக்கு எப்படியும் வந்துவிடுவேன்.

உங்கள்
அவசரக்காரி


பிப்ரவரி 22

அன்புள்ள அவசரக்காரிக்கு,

பெட்டி வந்தது. வாலு அதைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறாள். கூப்பிட்டால், "ஷ்ஷ்! குண்டு தகரத்துல போகுது" என்கிறாள். மருந்துக்கடையில் நாள் முழுக்க இருமலும் புலம்பலும் கேட்டுவிட்டு வருகிற எனக்கு இந்த அமைதி நன்றாகத்தான் இருக்கிறது.

அப்பாவுக்கு வாதத்தில் விழுந்த இடது கை இன்னும் வரவில்லை. பகலில் பார்த்துக்கொள்கிற அம்மாள் ஐந்து மணிக்குச் செருப்பை மாட்டிவிடுகிறார். நான் ஓடிவந்து படி ஏறுகிற வேகத்தைப் பார்த்தால் நீ ஆமை என்று கூப்பிட மாட்டாய்.

போன வாரம் குண்டு வரவில்லையே, அம்மாவும் வரவில்லையே என்று அழுகை. அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தேன். கை இரண்டும் அவரிடம். "அழாதடா, குண்டு வெளிய வந்தா அம்மாவும் வந்துடுவா" என்றேன். சட்டென்று அழுகை நின்றது. இந்த மருந்து எனக்கு முன்னாலேயே தெரியாமல் போயிற்று.

விடுமுறைக்கு வருகிற தேதியை எழுது. கடையில் இப்போதே சொன்னால்தான் இரண்டு நாள் கொடுப்பார்கள்.

உன்
ஆமை


மார்ச் 4

ஆமை அவர்களுக்கு,

உங்கள் மருந்தைப் படித்துச் சிரித்தேன். பிறகு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை. பரவாயில்லை, இரண்டு நாளில் குண்டை வெளியே எடுத்துவிடுவாள். அப்புறம் நான் எங்கே என்று கேட்டால் நீங்களே சமாளியுங்கள்.

இங்கே என் பெட்டிதான் பேச்சு. குழந்தைகளை உட்கார வைத்துப் பார்க்கிற அறையில் மற்றப் பொம்மைகள் சும்மா கிடக்கின்றன. மூன்று பெட்டிகளையும் மூன்று குழந்தைகள் கீழே வைப்பதில்லை. மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. ஒருத்தியை அவள் அம்மா பலவந்தமாகத் தூக்கிக்கொண்டு போனாள். ஸ்டாப்வாட்ச் என் தோளில் தட்டினார். ஒன்றரை வருஷத்தில் முதல் தட்டு.

ஆனால் ஒருவரும் இதுவரை குண்டை வெளியே எடுக்கவில்லை. நான் ரொம்பக் கடினமாகச் செய்துவிட்டேனோ?

தட்டிய கையோடு இன்னொன்றும் சொன்னார். பெட்டி கடைக்குப் போகிறவரை எனக்கு விடுமுறை கிடையாதாம். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறதாம். எடுத்துப் பார்த்தேன், இருக்கிறது. கையெழுத்துப் போட்ட அன்று நான் எதைப் படித்தேன் என்று தெரியவில்லை. விடுதி ஜன்னலைத் திறந்தால் எதிரே கிடங்குச் சுவர். இன்றைக்கு அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சாப்பிடப் போகவில்லை.

வாலுவிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

உங்கள்
அவசரக்காரி


மார்ச் 17

அன்புள்ளவளுக்கு,

சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

அவள் விளையாடப் போவதில்லை. எதிர்வீட்டுப் பெண் வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். சாப்பிடும்போது மடியில் பெட்டி, தூங்கும்போது தலையணைக்குக் கீழே பெட்டி. நேற்று டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "வகுப்புல உட்கார்ந்து கையை இப்படியும் அப்படியும் சாய்ச்சுக்கிட்டே இருக்கா. வீட்டுல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். என்ன சொல்வது? எங்கள் வீட்டில் ஒரு பெட்டி இருக்கிறது என்றா?

எனக்குப் பொறுக்கவில்லை. நான் ஆடக் கூடாது என்று நீ சொன்னதையும் மீறி அவள் தூங்கியதும் எடுத்து ஆட்டிப் பார்த்தேன். குண்டு எங்கெங்கோ போய்விட்டு ஒரு மூலைக்கு வருகிறது, டொக்கென்று நிற்கிறது. அவ்வளவுதான். மறுபடி ஆட்டினால் மறுபடி டொக்.

அவள் போட்ட வரைபடத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். தகரத்துக்கு நீலம், மரத்துக்குப் பழுப்பு, துணிக்குப் பச்சை. அந்த மூலையில் சிவப்பால் கட்டம் போட்டு எழுதியிருக்கிறாள், பார். 'இங்க கதவு இருக்கு. தொறக்க மாட்டேங்குது.' வேறு எங்கேயும் இல்லாத சத்தம் அங்கே வருகிறதாம். "சுவர்னா வேற மாதிரி கேக்கும்பா. இது கதவுதான்" என்று என்னிடம் சண்டை.

நீதான் செய்தாய். நீயே சொல், கதவா, சுவரா?

உன்
ஆமை


மார்ச் 25

என்னங்க,

கதவுதான். நான் கதவு வைத்த அதே இடம்தான். அந்தத் தாளை என் வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். ஒரு சந்துகூடத் தவறவில்லை. ஏழு வயதுக் குழந்தை, ஒன்றையும் பார்க்காமல், நான் செய்ததை அப்படியே போட்டிருக்கிறாள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. ஒரு நிமிஷம்தான் அது.

ஒரு பெட்டியை ரம்பத்தால் அறுத்தேன். பசை வழிந்து கதவின் கீலுக்குள் போய் இறுகிவிட்டிருக்கிறது. நாலு பெட்டியிலும் அப்படித்தான். ஒரே நாளில் ஒட்டினேன் என்று எழுதினேனே, அந்த அவசரம். வெளியே வர வழியே இல்லாத ஒன்றை என் பெண் கையில் கொடுத்து, கண்டுபிடி என்று சொல்லியிருக்கிறேன்.

உடனே ஸ்டாப்வாட்சிடம் ஓடினேன். தவறு நடந்துவிட்டது, கதவைச் சரிசெய்து மறுபடி சோதிக்கலாம் என்றேன். அவர் அறுத்த பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ கதவு திறக்காததாலதான் குழந்தைங்க எழுந்திருக்கலையா?" என்றார். எனக்குப் புரியவில்லை. "அப்படின்னா கதவே வேண்டாமே. குண்டு வெளிய வந்துட்டா குழந்தை பெட்டியைத் தூக்கிப் போட்டுடும். வரலைன்னா வருஷம் பூரா ஆடும்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நல்ல யோசனை வந்த சந்தோஷத்தில் சொன்னார்.

பெட்டியின் மேல் 'உங்கள் குழந்தை தானே வழி கண்டுபிடிக்கும்' என்று அச்சடிக்கப் போகிறார்கள். அதற்குக் கீழே வடிவமைத்தவள் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். யோசிக்க நேரம் கேட்டிருக்கிறேன். போடாவிட்டால் வெளியே போகலாம். போனால் இரண்டு வருஷம் எந்த நிறுவனத்துக்கும் பொம்மை செய்யக் கூடாது. அதற்கும் ஒரு வரி இருக்கிறது. எனக்கு வேறு என்ன தெரியும்? உள்ளே இருந்தாலும் அடைப்பு, வெளியே போனாலும் அடைப்பு.

உங்கள் மேலும் கோபம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். குண்டு வந்தால் அம்மா வருவாள் என்று ஏன் சொன்னீர்கள்? அந்தக் குண்டோடு சேர்த்து என்னையும் உள்ளே தள்ளிவிட்டீர்களே. உண்மையைச் சொல்லுங்கள். பெட்டியில்தான் கோளாறு, அவளிடம் இல்லை. குண்டுக்கும் அம்மாவுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லுங்கள்.

அவசரக்காரி


ஏப்ரல் 8

அன்புள்ளவளுக்கு,

உன் கோபம் நியாயம். என்னிடமும் கொஞ்சம் இருக்கிறது, அதையும் கேட்டுக்கொள். நீ சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாய். நான் அப்பாவின் கட்டிலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். ஐந்து மணிக்கு மேல் தெருமுனைக்குப் போய் ஒரு டீ குடித்து எத்தனை மாதமாயிற்று தெரியுமா? குழந்தை அம்மாவைக் கேட்டு அழும்போது கையில் கிடைத்ததைச் சொன்னேன். திட்டம் போட்டுச் சொல்லவில்லை.

நீ சொன்னபடி வாலுவை உட்கார வைத்துச் சொன்னேன். அம்மா பசை போட்டதில் கதவு ஒட்டிக்கொண்டது, உன் மேல் தப்பில்லை, உன் படம் அப்படியே சரி என்றேன். படம் சரி என்றதும் முகம் மலர்ந்தது. பிறகு கேட்டாள்: "அப்போ அம்மாவோட கதவும் ஒட்டிக்கிச்சாப்பா?"

எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் கடையிலிருந்து வந்தால் குளியலறை வாளித் தண்ணீரில் பெட்டி முங்கிக் கிடக்கிறது. மிதக்கவிடாமல் மேலே என் செங்கல் நிற அகராதியைத் தூக்கி வைத்திருக்கிறாள். அதுவும் நனைந்து ஊறிக் கிடக்கிறது. என்னடி இது என்று கத்தினேன். "பசைன்னு நீதானே சொன்ன. நீ பாட்டில் லேபிள் எப்படி எடுப்ப?" என்றாள்.

நான் காலி மருந்துப் பாட்டில்களை ஊறவைத்து லேபிளை உரிப்பதை எத்தனையோ நாள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். நீ கேலி செய்வாயே, அந்தப் பாட்டில்கள்தான்.

சாயங்காலம் மூலை விட்டுக்கொடுத்தது. குண்டு அவள் உள்ளங்கைக்கு வந்தது. குதிப்பாள் என்று நினைத்தேன். குதிக்கவில்லை. துண்டால் துடைத்தாள், பாவாடைப் பையில் போட்டாள். தலை வாரிவிடச் சொன்னாள். பள்ளிக்கூட ஷூவை மாட்டிக்கொண்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தாள்.

இருட்டியதும் தூக்கிக்கொண்டு வந்தேன். நேற்றும் உட்கார்ந்தாள். இன்றும்.

நீ வா என்று நான் எழுதமாட்டேன். எழுதினால் இன்னொரு ஒப்பந்தம் போலாகிவிடும். நடந்ததை மட்டும் எழுதியிருக்கிறேன்.

உன்
ஆமை


ஏப்ரல் 19

ஆமை அவர்களுக்கு,

கடிதத்தை வேலை மேசையில் நின்றபடியே படித்தேன். அகராதி என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். ஷூ என்ற இடத்தில் அழுதேன். பக்கத்து மேசைக்காரி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

இத்தனை படித்தவர்கள் இருக்கிற பட்டறையில் ஊறவைக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் ரம்பத்தைத்தானே எடுத்தேன். அதை ஸ்டாப்வாட்சிடம் சொன்னேன். ஒரு குழந்தை உங்கள் பெட்டியைத் திறந்துவிட்டது, இதைவிடப் பெரிய சோதனை உண்டா, கதவை வையுங்கள் என்றேன். அக்கறையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். "மரம்னாதானே ஊறும்? பிளாஸ்டிக்ல ஒரே வார்ப்பா அடிச்சிடலாம். ஒட்டே இருக்காது" என்றார். தாளை என் பக்கம் நகர்த்தினார்.

நான் கையெழுத்துப் போடவில்லை.

பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். வரைபடங்கள் அவர்களுடையவை, அங்கேயே இருக்கும். பெட்டியும் கடைக்கு வரத்தான் போகிறது, வேறு யாரோ கையெழுத்துப் போடுவார்கள். அதை என்னால் நிறுத்த முடியவில்லை. எந்த வீட்டிலோ ஒரு குழந்தை, தனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு அதை ஆட்டிக்கொண்டே இருக்கும்.

வீட்டுக்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் நினைக்கவில்லை, நீங்களும் நினைக்காதீர்கள். சும்மா இருக்கச் சொன்னால் நான் யாரையாவது கடித்துவைப்பேன். பக்கத்தில் இருப்பது நீங்கள்தான். ஐந்து மணிக்கு மேல் மாமாவை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் தெருமுனைக்குப் போய் டீ குடித்துவிட்டு வாருங்கள். பிறகு என் முறை, நான் போவேன்.

நேற்று ஒப்பந்தத்தை முதல் வரியிலிருந்து படித்தேன், இந்தத் தடவை ஒழுங்காக. எந்த நிறுவனத்துக்கும் செய்யக் கூடாது, விற்கக் கூடாது, கற்றுக்கொடுத்துச் சம்பளம் வாங்கக் கூடாது. ஒன்றுவிடாமல் ஒட்டி வைத்திருக்கிறார்கள். தன் வீட்டில் தன் பெண்ணுக்கும் அவள் சிநேகிதிகளுக்கும் ஒருத்தி பொம்மை செய்து கொடுப்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அந்த மூலையில் மட்டும் பசை போட மறந்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருகிறேன். அன்றைக்கு மட்டும் வாலுவை வாசற்படியில் உட்காரச் சொல்லுங்கள். மற்ற நாள் விளையாடப் போகட்டும். குண்டு வந்ததால் அம்மா வருகிறாள் என்று சொல்லாதீர்கள். எப்படித் திறப்பது என்று அம்மா அவளைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள் என்று சொல்லுங்கள். அதுதான் நடந்தது.

பெட்டி நனைந்து நெளிந்திருக்கும். இடத்தை அடைக்கிறது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எந்த மூலை, எப்படி விட்டது என்று அவள் எனக்குக் காட்ட வேண்டும்.

உங்கள்
அவசரக்காரி