மெத்தை நாற்காலி

சாரம், 9-2-1981

அன்புள்ள ஏலேனுக்கு,

பிரெஞ்சு ஸ்டாம்போடு உன் கடிதம் வந்தது. எப்போதும் போல முதல் வரியிலேயே "கால் எப்படி இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறாய். மூன்று வயதில் காய்ச்சலில் சூம்பியது அப்படியேதான் இருக்கிறது. அதை விடு, எனக்கு இப்போது வயிறு எரிகிறது.

மேட்டுப்பாளையத்தில் உன் எமீல் மாமாவின் கம்பெனியில் ஆறு வருஷமாக மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் சுற்றுகிறேன். உயரமான மேஜை என்பதால் எல்லோரும் நின்றுகொண்டுதான் சுற்றுவார்கள். நான் தச்சரிடம் சொல்லிச் செய்த உயர ஸ்டூலில் உட்கார்ந்து சுற்றுவேன். ஒரு நாளைக்கு நூற்று நாற்பது. மற்றவர்கள் நூற்றுப்பத்தைத் தாண்டியதில்லை.

போன வாரம் சூப்பர்வைசர் ஆதிமூலம் வந்து, "இனிமே ஒனக்கு கஷ்டமே இல்ல, முன்னாடி வந்து ஒக்காரும்மா" என்று கூட்டிப்போய் வாசல் ஹாலில் மெத்தை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். இந்த வருஷம் சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டாம். வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்ல வேண்டும், போட்டோ எடுத்தால் சிரிக்க வேண்டும். சம்பளம் அதேதான், வேலைதான் கிடையாது. நாள் முழுக்க விரலைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

யாரோ உன் மாமாவிடம் ஓதியிருக்கிறார்கள். யாரென்று கேட்டு எழுதுடி. அந்தப் புண்ணியவானை நாலு கேள்வி கேட்க வேண்டும்.

உன்
அஞ்சலாட்சி

துலோன், 1-3-1981

அன்புள்ள அஞ்சலாட்சிக்கு,

கால் எப்படி இருக்கிறது? எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அந்தப் புண்ணியவான் நான்தான்.

புது வருஷ வாழ்த்தோடு மாமாவுக்கு நாலு வரி எழுதினேன். "அவள் என் சிநேகிதி, பாவம், கஷ்டப்படுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று. நீ சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன். உடனே இன்னொரு கடிதம் எழுதிச் சரிசெய்துவிடுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

அன்பு முத்தங்களுடன்,
ஏலேன்

சாரம், 20-3-1981

ஏலேனுக்கு,

எழுதாதே. நீ எழுதினால் நாற்காலி வருகிறது, மறுபடி எழுதினால் நாற்காலி போகிறது. நடுவில் நான் என்ன, மேஜையா?

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. இன்று காலை ஹாலுக்குப் போகாமல் நேரே உள்ளே போனேன். என் ஸ்டூலில், கூடச் சுற்றும் கன்னியம்மாள் இருந்தாள், வயிற்றில் ஐந்து மாதம். பதறி எழுந்தாள். நீ உட்கார் என்று சொல்லிவிட்டு மேஜையில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தேன். ஆதிமூலம் ஓடிவந்து, "பதினோரு மணிக்குப் பெரிய ஆளுங்க வராங்கம்மா, மானத்த வாங்காத" என்றார். "இங்கயே கூட்டிட்டு வாங்க, நான் வேல செய்றதப் பாக்கட்டும்" என்றேன். சாயங்காலம் வரை நின்றேன். கால் வீங்கிக் கிடக்கிறது. நாளைக்கு வேலைக்கே வராதே என்று சொன்னாலும் சொல்வார்கள். அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது என்பது உனக்குத் தெரியும்.

பள்ளிக்கூட நாளிலிருந்தே நான் நடப்பதை மட்டும்தான் நீ பார்த்துப் பழகிவிட்டாய். நான் வேலை செய்து ஒருநாளும் பார்த்ததில்லை. "பாவம்" என்று எழுதினாயே, அவள் நன்றாகச் சுற்றுவாள் என்று ஒரு வார்த்தை எழுதத் தோன்றவில்லையாடி உனக்கு? அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அஞ்சலாட்சி

துலோன், 12-4-1981

அன்புள்ள அஞ்சலாட்சிக்கு,

இன்று எத்தனை காயில்?

மாமாவுக்கு எழுதவில்லை. இரண்டு முறை காகிதத்தை எடுத்து, எழுதாமலே திரும்ப வைத்துவிட்டேன். உனக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஏலேன்

சாரம், 5-5-1981

அன்புள்ள ஏலேனுக்கு,

நூற்று முப்பத்திரண்டு. கைப்பழக்கம் விட்டுப்போயிருந்தது, இப்போதுதான் திரும்புகிறது.

என்னை அனுப்பவில்லை. நான் ஹாலில் சிரித்துக்கொண்டிருந்த நாட்களில் மெட்ராஸ் ஆர்டர் பாதியில் நின்றுவிட்டதாம், அதனால் பேசாமல் விட்டுவிட்டார்கள். மெத்தை நாற்காலியில் இப்போது ஆதிமூலம் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்.

கன்னியம்மாளுக்கு ஒரு ஸ்டூல் கேட்டோம். "அவளுக்கு என்ன ஊனமா?" என்று கேட்கிறார்கள். ஒரே ஸ்டூலில் இருவரும் மாறி மாறி உட்காருகிறோம். அவளுக்கு மாதம் ஏறிக்கொண்டே போகிறது, பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வருகிறது.

இதற்கும் மாமாவுக்கு எழுதிவிடாதே. நாங்களே தினமும் கேட்கிறோம். எனக்கு எழுது.

உன்
அஞ்சலாட்சி