எந்தக் கியரில் வந்தாய்

குறும்பனை
8.2.2015

பாசமுள்ள கிளாரா அக்காவுக்கு,

தம்பி சஜின் எழுதுறேன். இயேசுவுக்கே புகழ். அம்மா சுகமா இருக்கா. போன்ல நீ ஒண்ணு சொல்ல, நான் ஒண்ணு சொல்ல, சண்டையிலதான் முடியுது. அதான் லெட்டரா எழுதுறேன், இடது கையால. கோணல்மாணலா இருந்தாலும் முழுசும் வாசி.

நீ பாத்து வச்சிருக்க ரீசார்ஜ் கடை எனக்கு வேண்டாம். சைக்கிளை விக்கவும் மாட்டேன். ஏப்ரல் கடைசியில கோயம்புத்தூர்ல மாற்றுத்திறனாளிகளுக்கு சைக்கிள் பந்தயத் தேர்வு வச்சிருக்கு. பேர் கொடுத்தாச்சு.

ஒரு சைக்கிள் கம்ப்யூட்டர் வேணும், ஹேண்டில்ல மாட்டுறது. மீன்பிடிப் போட்டுல வலை இழுக்குற விஞ்சுல மாட்டினதிலிருந்து என் வலது கை விரலுக்கு உணர்வு கிடையாது. சாதா கியரைத் தள்ள பலமும் இல்ல. அதுக்குத்தான் இந்த எலக்ட்ரானிக் கியர் சைக்கிளை வாங்கினேன். பட்டனைத் தொட்டாப் போதும், மோட்டார் மாத்திரும். ஆனா பட்டன் அமுங்கிச்சா இல்லியான்னு விரலுக்குத் தெரியாது. கடல் காத்துல சத்தமும் கேக்காது. குனிஞ்சு பின்சக்கரத்தைப் பாத்துதான் தெரிஞ்சுக்கிறேன். போன வாரம் அப்படிக் குனிஞ்சப்ப எதிர்ல மீன் லாரி. கொஞ்சத்துல தப்பிச்சேன்.

எந்தக் கியர்ல போறேன்னு கம்ப்யூட்டர் எழுதிக் காட்டணும். எல்லாம் காட்டாது கேட்டியா. என் கியர் வயருக்கு நடுவுல விரல் நுனி அளவுக்கு ஒரு டப்பா இருக்கு, அதுதான் சேதியைக் காத்துல அனுப்பும். அதைக் கேக்கத் தெரிஞ்ச கம்ப்யூட்டர்தான் சேரும். மாடல் பேரைத் தனிச்சீட்டுல எழுதியிருக்கேன். அது மட்டும் வாங்கு, வேற வாங்காண்டாம்.

உன் தம்பி
சஜின்

*

மஸ்கட்
1.3.2015

என் மக்கா சஜினுக்கு,

ஏலே, மீன் லாரி கதையை எழுதினா எனக்கு இங்க சோறு இறங்குமா? ஆஸ்பத்திரி டூட்டியில மருந்து எடுக்கும்போதெல்லாம் அந்த லாரிதான் கண்ணுல நிக்குது.

நீ கேட்டதைக் கடையில பாத்தேன். கறுப்பு வெள்ளையில கால்குலேட்டர் மாதிரி ஒரு சாமான். அய்யே! என்கூட வேலை பாக்குற கருங்கல் ஊர்க்காரி ஜெயபாய் தங்கச்சி கல்யாணத்துக்கு ரெண்டு வாரம் வாறா. அவ பெட்டி கொண்டு வந்தா தெருவே நம்ம முற்றத்துல நிக்கும். பிரிச்சதும் ‘இத்தனை வருசம் கெல்புல கிடந்து கிளாரா தம்பிக்கு இதையா அனுப்பினா’ன்னு கேக்க மாட்டாவளா? அதான் அதைவிடப் பெருசு, கலர் திரை, மேப் எல்லாம் உள்ளதா வாங்கினேன். எல்லா சைக்கிளுக்கும் சேரும்னு கடைக்கார மலையாளி சத்தியம் பண்ணினான்.

ஈஸ்டர் கழிஞ்சதும் ரீசார்ஜ் கடைச் சாவியைத் தாறேன்னு நேசையன் அண்ணன் சொல்லியிருக்காவ. கோயம்புத்தூர் போணும்ங்கிற வெப்ராளத்தை விடு மக்கா. ரெண்டு கையும் உள்ளவனே விழுந்து சாவுறான். எனக்கு நீ ஒருத்தன்தான் தம்பி.

அக்கா
கிளாரா

*

குறும்பனை
14.3.2015

அக்காவுக்கு,

நீ நினைச்ச மாதிரியே தெரு நின்னுது. கிளாரான்னா கிளாராதான்னு சொன்னாவ. உனக்குச் சந்தோசம்தானே?

சைக்கிள்ல மாட்டினேன். வேகம் காட்டுது. மேப்புல நம்ம குருசடிக் கோயிலைக்கூடக் காட்டுது. கியர் எண் வரவேண்டிய இடத்துல ரெண்டு கோடு மட்டும் நிக்குது. திருவனந்தபுரத்துல ஒரு சைக்கிள் கடையில கொண்டு காட்டினேன். இந்த மாடல் என் டப்பாவோட எந்தக் காலத்துலயும் சேராதாம்.

அதனால திருப்பி அனுப்புறேன். அம்மா நெஞ்சுல அடிச்சுக்கிட்டா. கெல்புச் சாமானைத் திருப்பி அனுப்பின ஆளு இந்தக் கடப்புறத்துல நான் ஒருத்தன்தானாம். ஜெயபாய் அக்கா வாங்கவே மாட்டேன்னா. கருங்கல் ஏத்தம் முழுக்க மிதிச்சுப் போய் நானே அவ பெட்டியில வச்சிட்டு வந்தேன்.

தெரு பாக்க அனுப்பாத அக்கா. நான் பாக்க அனுப்பு. அனுப்பலேன்னாலும் கோயம்புத்தூர் போவேன், குனிஞ்சு குனிஞ்சு பாத்துக்கிட்டே ஓட்டுவேன். கடையை வேற ஆளுக்குக் கொடுக்க நேசையன் அண்ணன்கிட்ட சொல்லியாச்சு.

சஜின்

*

மஸ்கட்
27.3.2015

சஜினு,

ஜெயபாய் அந்தச் சவத்துச் சாமானை என் கட்டில்ல வச்சப்ப, உன்னைத் தலைமுழுகிரலாம்னுதான் தோணிச்சு. ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு முன்னால வெக்கத்துல தொலி உரிஞ்சு போச்சு.

பிறகு அந்த மலையாளியை நாலு கேக்கலாம்னு கடைக்குப் போனேன். உன்னுடையது மாதிரியே கியர் உள்ள சைக்கிள் ஒண்ணைத் தூக்கி நிறுத்தியிருந்தான். எனக்கு என்னவோ புத்தி போச்சு. ஐஸ் வாங்கி வலது கையை அதுல புதைச்சேன். விரல் மரத்ததும் காதுல பஞ்சை வச்சு, கண்ணை மூடிக்கிட்டு, பட்டனை அமுக்கினேன். அமுக்கினேன்னுதான் நினைச்சேன். கண்ணைத் திறந்தா அவன் தலையை ஆட்டுறான், ஒண்ணும் மாறல்லியாம். இன்னும் பலமா அமுக்கினேன், மூணு கியர் ஓடிப்போச்சு. எனக்கு ஒரு எழவும் தெரியலை மக்கா.

அப்புறம் நீ கேட்ட அந்தக் கால்குலேட்டர் மாதிரி சாமானை அதுல மாட்டச் சொன்னேன். பட்டனை அமுக்க அமுக்கத் திரையில எண் மாறிச்சு. அங்கயே நின்னு அழுதேன். ஆஸ்பத்திரியில வாறவங்க விரலையெல்லாம் ஊசி நுனியால தொட்டுத் தொட்டு ‘தெரியுதா’ன்னு கேக்குறவ நான். உன் கையைப் பிடிச்சு ஒரு நாள் கேக்கலை.

எங்க ஹாஸ்டல் ராகேல் நாளைக்கு ஊருக்கு வாறா. நீ கேட்டதையே வாங்கி அவகிட்ட கொடுத்துவிட்டிருக்கேன். முற்றத்துல வச்சுப் பிரிக்காண்டாம், நேரா சைக்கிளுக்குக் கொண்டு போ.

எனக்கு இன்னும் பயம்தான். அந்தப் பயம் என்கிட்டயே கிடக்கட்டும். கோயம்புத்தூர்ல ஓட்டி முடிச்சு மூச்சு வாங்கினதும் என்னைக் கூப்பிடு. முதலா வந்தியா, கடைசியா வந்தியான்னு கேக்க மாட்டேன். கடைசி ஏத்தத்துல எந்தக் கியர்ல ஏறினேன்னு சொல்லு.

உன் அக்கா
கிளாரா