அது புத்து இல்லை, அண்ணி

என்னைப் பிழைக்க வைத்த என் அன்பு அண்ணிக்கு,

நேற்று ஸ்கேன் பார்த்தார்கள். வயிற்றுக் கட்டி பாதிக்கு மேல் கரைந்துவிட்டதாம். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் திரும்பி உன்னைத்தான் தேடினேன். நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது என்பது அப்புறம்தான் உறைத்தது.

நடவு நடும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்தேனே, நினைவிருக்கிறதா? சாப்பிட்டது தங்கவில்லை. உடம்பு வற்றிப்போனது. உள்ளே கட்டி இருக்கிறது என்று தெரிந்ததுமே, புத்துநோய்தான் என்று நம் பெருநகர் கிராமமே முடிவுகட்டிவிட்டது. என் வீட்டுக்காரர், உன் தம்பி, மூலையில் உட்கார்ந்து அழுதார். நீதான் அதட்டினாய்.

"இன்னாடா ஒப்பாரி? சதைய எடுத்து டெஸ்ட் பண்ணாமலே புத்துன்னு எவன் சொன்னான்? கெளம்புடி செல்வி, மெட்ராஸ் போலாம்."

அங்கே பெரியாஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து துளி சதை எடுத்தார்கள். முடிவு வந்த அன்று டாக்டர் நம் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "இது புற்றுநோய் இல்லம்மா. குடலைத் தாங்கிப் பிடிக்கிற கொழுப்பு அழற்சியில வீங்கி இறுகியிருக்கு. ரொம்ப அபூர்வமா வர்ற நோய். மாத்திரையில கட்டுப்படுத்திப் பார்க்கலாம்."

"ஆட்டுக்குடல் கழுவசொல்ல வலை மாரி ஒட்டிக்கினு வருமே, அந்தக் கொழுப்பா சார்?" என்று கேட்டாய்.

"அதேதாம்மா" என்று சிரித்தார். வெளியே வந்ததும் வராந்தாவிலேயே உட்கார்ந்து தேம்பினாய். நீ அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மாத்திரையில் என் முகம் பூரியாக உப்பியது. வெளியே போகவே கூசினேன். "உசுரு கீது இல்ல? மூஞ்சி தானா வத்தும்" என்று சொல்லிக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாய். இத்தனையும் செய்தவள், உன் நெஞ்சுவலியை ஏன் அண்ணி யாரிடமும் சொல்லவில்லை?

முகம் வற்றிவிட்டது. இந்தப் போகம் மறுபடி நடவுக்குப் போனேன். உன் மகள் நர்சிங் சேர்ந்துவிட்டாள். ஒரு வேளை மாத்திரை தவறினால் போதும், உன் குரலிலேயே மிரட்டுகிறாள்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதே. குழாயடிச் சண்டைக்குப் பிறகு நீ முகம் பார்க்காத சரசாவுக்கு இப்போது வயிற்றில் கட்டி. அவள் வீட்டிலும் டெஸ்ட் எடுக்காமலே அழுதுகொண்டிருக்கிறார்கள். எனக்கு வந்ததேதான் அவளுக்கும் என்று சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் என்னவென்றே தெரியாமல் அவளைப் படுத்துக்கிடக்க விடமாட்டேன். திங்கட்கிழமை அழைத்துப் போகிறேன். முடிவு எதுவானாலும், அதைக் கேட்கும்போது அவள் பக்கத்தில் நான் இருப்பேன்.

உன் தம்பி பெண்டாட்டி,
செல்வி